கருகல் நாற்றம்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையினின்று சென்னைக்குச் சரக்கேற்றிச் செல்லும் சிறு வண்டிகள் பல. அவற்றில் கருகல் நாற்றம் எழுமாயின், குறை எவ்விடத்தது என்பதை மூக்கே உணர்த்தும்.

நெரிசலில் கிளட்சு மிதியின்மேல் காலை ஊன்றியவாறே ஓட்டினால், அதன் தட்டுத் தேய்ந்து, காகிதம் கருகினாற்போல் நாறும். பிரேக்கு விடுபடாது இறுகி நின்றால், அச்சக்கரம் மட்டும் கொதிக்கும். கசியும் எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டினால், தீய்ந்த எண்ணெய் நாற்றத்தோடு புகையும் தோன்றும். மின்கம்பியின் உறை உருகினாலோ பிளாஸ்டிக்கு எரியும் நாற்றம் வரும். இது விரைந்து தீப்பற்ற வல்லது.

ஆதலின், நாற்றம் உணர்ந்தவுடன் வண்டியை ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, விலகி நிற்றல் வேண்டும். தட்டை மாற்றியும், பிரேக்கைச் சீராக்கியும், கசிவை அடைத்தும், கம்பியைப் புதுக்கியும் பின்னர்க் குறை தீர்க்கலாம். சரக்குக் காலந்தாழ்ந்து சேரலாம். போன உயிர் மீளாது.