புரதத்தைக் காக்கும் ஆய்வு. மாணவரைக் காப்பது யார்?

புது தில்லி: இந்தியாவில் பார்வையிழப்புக்கு முதன்மைக் காரணம் கண்புரை. அதனை அறுவைச் சிகிச்சை நீக்கிவிடுகிறது. ஆனால் கண்வில்லை ஏன் மங்குகிறது என்பதற்கு ஆய்வுக்கூடமே விடை தர வேண்டும்.

வில்லையின் மையத்தில் உள்ள புரதங்கள் பிறப்புக்கு முன்பே உருவானவை. ஆயுள் முழுவதும் அவை புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் காப்பது ஆல்பா கிரிஸ்டலின் என்ற மற்றொரு புரதம். இக்காவல் பணியை 1992-ல் ஜோசப் ஹோர்விட்ஸ் வெளிப்படுத்தினார். ஹைதராபாதில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சி. மோகன் ராவ் குழுவினர் இதனை நீண்டகாலம் ஆராய்ந்தனர்.

பிற செல்களில் ஏற்பாடு இன்னும் விரிவானது. புதிய புரதம் சரியான வடிவில் மடிவதற்குத் துணைப்புரதங்கள் உதவுகின்றன. பழுதான புரதத்தின் மீது 'யுபிக்விட்டின்' முத்திரை விழுந்தால், செல் அதனைச் சிதைத்துவிடுகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது. முதுமையில் இந்தத் துப்புரவுப் பணி தளர்கிறது. அல்சைமர், பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் புரதத் திரள்கள் காணப்படுகின்றன.

இத்தகைய ஆய்வுக்கு அவசரம் ஆகாது. எலியை முதுமை வரை வளர்க்கவே சுமார் இரண்டாண்டு தேவை. மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகையோ இளநிலையில் 2, முதுநிலையில் 3 என மொத்தம் ஐந்தாண்டுதான். முதல் சோதனை பொய்த்துவிட்டால் மறுமுறை தொடங்க மாணவருக்குக் காலம் இருப்பதில்லை.

தொகையும் எளிதில் உயர்ந்ததில்லை. 2019-ல் போராட்டத்துக்குப் பின் இளநிலைத் தொகை ரூ. 25,000-லிருந்து ரூ. 31,000 ஆனது. அடுத்த உயர்வு 2023-ல்தான் வந்தது: இளநிலைக்கு ரூ. 37,000, முதுநிலைக்கு ரூ. 42,000. அந்தத் தொகையும் மாதந்தோறும் வருவதில்லை என்பது மாணவர்களின் நெடுநாள் புகார்.

மணிப்பூர் விவகாரத்தில் நாடாளுமன்றம் கொந்தளித்துக்கொண்டிருந்த 2023 மழைக்காலக் கூட்டத்தொடரில், அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை மசோதா நிறைவேறியது. ஐந்தாண்டுகளில் ரூ. 50,000 கோடி என்பது இலக்கு. அதில் ரூ. 36,000 கோடி தனியார் உள்ளிட்ட பிற வழிகளில் திரட்டப்படும் என்று அரசு கூறியது. கண்புரைக்குச் சொட்டுமருந்து கிடைக்குமென்றால் மருந்து நிறுவனம் பணம் தரக்கூடும். வாராணசியில், பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் எஸ்.சி. லகோடியா பல பத்தாண்டுகள் செய்ததுபோல், பழ ஈயின் வெப்ப அதிர்ச்சி மரபணுக்களை ஆராயும் மாணவருக்கு எந்த நிறுவனம் தரும்? இக்கேள்வியை அவைகளில் உறுப்பினர்கள் இன்னும் அழுத்தமாக எழுப்பியிருக்கலாம்.