அம்மாவுக்கு ஒரு குளிப்பறை

வீடு திருத்துவது என்றால் நாம் எல்லோரும் முதலில் கூரையைத்தான் பார்ப்போம். அடுத்தது கதவு, யன்னல். பிறகு குசினி. குளிக்கிற இடத்துக்கு முறை வரும்போது கையில் காசு இருக்காது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கூரை போட்டுப் பதினொரு வருடங்களுக்குப் பிறகுதான் குளிப்பறையில் கை வைக்கக் கூடியதாக இருந்தது. அந்த அனுபவத்தைச் சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்களுடையது கிளிநொச்சியில் பழைய வீடு. யாழ்ப்பாணத்தில் எழுபது வருட வீட்டைப் பழைய வீடென்று சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கதை வேறு. இரணைமடுக் குளம் கட்டி முடிந்து, 1936 இல் குடியேற்றத் திட்டம் தொடங்கிய பின்னர்தான் காடு வெட்டி எங்கள் ஊர்கள் உருவாகின. அம்மாவின் ஐயா 1950களில் காணி கிடைத்து வந்து, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாகக் கட்டிய வீடு இது. 1996 இலும் 2008 இலும் ஊரே இடம்பெயர்ந்தது. கடைசித் தடவை ஓட்டையும் சிலாகையையும் கழற்றி உழவியந்திரத்தில் ஏற்றிக்கொண்டு போனோம். அவற்றை எந்த இடத்தில் கைவிட்டோம் என்று இன்று நினைவில்லை. 2010 இல் திரும்பி வந்தபோது சன்னம் துளைத்த சுவர்கள் மட்டும் நின்றன.

கிணற்றடியும் நின்றது. துலாவால் இறைத்த தண்ணீர் ஒரு தொட்டியில் விழுந்து, சிறு வாய்க்காலால் பின் விறாந்தை ஓரத்துத் தொட்டிக்கு வரும்படி ஐயா அமைத்திருந்தார். சுற்றிவர நெஞ்சளவு கிடுகு வேலி. அதற்குள் குறுக்குக்கட்டோடு குளித்து வளர்ந்தவர்கள்தான் அம்மாவும் நானும். குறுக்குக்கட்டோடு குளிப்பது குளிப்பாகுமா என்பது பெண்களாகிய எமக்குத் தெரியும். மாதவிடாய் நாட்களில் ஒழுங்காகக் கழுவ முடியாது. ஈரத்துணியை உடம்போடு ஒட்டவிட்டு ஓடிவந்து அறைக்குள் மாற்ற வேண்டும். மெனிக் பாம் முகாமில் அதுவும் இல்லை. ஆட்கள் பார்க்க, வரிசையில் நின்று, இருட்டின பிறகு இரண்டு வாளி. அங்கிருந்த பல பெண்கள் மலசலகூடத்துக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். நானும் குறைத்தேன். சலக்கடுப்பு வந்தது.

2009 இல் எறிகணை வீச்சில் அம்மா வலது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தார். பிறகு செயற்கைக்கால் கிடைத்தது. நடப்பார், கோழி பார்ப்பார், சமைப்பார். ஆனால் குளிக்கும்போது காலைக் கழற்றித்தானே ஆகவேண்டும்? ஒற்றைக்காலில், ஈரத் தரையில், ஒரு கையில் வாளி. ஆபத்து அந்த இடத்தில்தான். இதை வீடு கட்டுகிறவர்கள் எவரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை.

இந்திய வீட்டுத்திட்டத்தில், பயனாளிகள் தாமே கட்டும் கட்டம் 2012 ஒக்ரோபர் 2 இல் தொடங்கியது. புதிய வீட்டுக்கு ஐந்தரை இலட்சம், திருத்த வேலைக்கு இரண்டரை இலட்சம் ரூபா. எங்களுக்குத் திருத்த வேலைக்கான உதவி கிடைத்தது. 2013 இல் கூரை ஏறியது. மிச்சக் காசில் பின் விறாந்தை மூலையை மறைத்து, நிலத்துக்குச் சீமெந்து பூசி, சிவப்புச் சாயம் போட்டு மினுக்கித் தந்தார் அப்போது வந்த மேசன். பார்க்க வடிவாக இருந்தது. இரண்டாவது மழைக்காலத்தில் அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். ஒரு கால், ஒரு கை. ஆறு கிழமை நான்தான் குளிப்பாட்டினேன். அவருக்கு அந்த வெட்கம் முறிவின் நோவை விடப் பெரிதாக இருந்தது.

அதே மேசன் பழைய சுவருக்குச் சீமெந்துப் பூச்சும் போட்டார். அது மூன்று வருடத்தில் உப்புப் பூத்து, பொருக்காகக் கழன்று விழுந்தது. காரணம் பின்னர்தான் தெரிந்தது. பழைய சுவர் நிலத்து ஈரத்தை உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை மெல்ல மெல்ல வெளியே விடும். சீமெந்து அதை உள்ளேயே அடைத்துவிடும். அடைபட்ட ஈரம் உப்பையும் தள்ளிக்கொண்டு வரும்போது பூச்சு பிரியும். பழைய வீடு வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

புதுக் குளிப்பறைக்குச் சேர்த்த காசை 2022 தின்றது. சீமெந்து மூடை 2,500 ரூபாயைத் தாண்டிப் போன வருடம் அது. நுண்கடன் தருகிறோம் என்று வாசலுக்கு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் ஒழுங்கையில் அந்தக் கடனால் அழுத பெண்களைக் கண்டவள் நான். சீட்டு ஒன்றும் ஒரு நாம்பன் கன்றும் கைகொடுத்தன. 2024 கோடையில் வேலை தொடங்கியது.

இம்முறை வந்த மேசன் அண்ணை பொறுமையானவர். “தங்கச்சி, பழைய சுவரை இடிச்சுப்போட்டுக் கல்லரியால எழுப்புவமோ?” என்று கேட்டார். அம்மா விடவில்லை. “ஐயா கட்டினது. செல் அடிச்சே விழேல்லை, நீர் ஏன் விழுத்துறீர்?” என்றார். ஆகவே சுவர் நின்றது. நீற்றிய சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறவைத்து, ஒன்றுக்கு மூன்று மணல் கலந்து பூசினோம். ஐயா காலத்தில் பனங்கட்டித் தண்ணீரும் சேர்த்தார்களாம். பனங்கட்டி விற்கிற விலையில் அதைத் தேத்தண்ணீருக்கே வைத்துக்கொண்டோம். தண்ணீர் தெறிக்கிற பக்கத்துக்கு மட்டும், பழைய சுவரில் முட்டாமல், அரையளவுப் புதுச் சுவர் எழுப்பி அதில் ரைல்ஸ் ஒட்டினோம்.

அளவுகளை அம்மாவை நிறுத்தியே எடுத்தோம். உட்காரும் சீமெந்துத் திண்ணை அவருடைய முழங்கால் உயரம். சுவரில் கல்வனைஸ் குழாயில் பிடி, இடுப்பளவில். நான் ஒரு பக்கம் போதும் என்று நினைத்தேன். “போகேக்க இடக்கைப் பக்கம் இருக்கிறது வரேக்க வலக்கைப் பக்கம் ஆயிடும் பிள்ளை” என்றார் அம்மா. இரண்டு பக்கமும் போட்டோம். திண்ணைக்கு மேலே, கை எட்டுகிற உயரத்தில், தண்ணீர் தெறிக்காத மூலையில் ஒரு பலகைத் தட்டு. கழற்றிய கால் அதில் இருக்கும். முன்பு அதை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுத் தத்தி உள்ளே வருவார். அந்த நாலு அடித் தூரத்தில்தான் அன்று விழுந்தவர்.

நிலத்துக்குச் சாயமும் இல்லை, மினுக்கமும் இல்லை. சீமெந்து இறுகுமுன் ஈர்க்கு விளக்குமாற்றால் கோடு இழுத்துச் சொரசொரப்பாக்கினோம். மீற்றருக்கு இரண்டு சென்ரிமீற்றர் சரிவு, தண்ணீர் தேங்காது. வாசலில் படி இல்லை. கதவு மூன்றடி அகலம், வெளிப்பக்கமாகத் திறக்கும். உள்ளே ஒருவர் விழுந்து கதவோடு கிடந்தால், உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. மலசலகூடமும் அதற்குள்ளேயே, வாளியால் தண்ணீர் ஊற்றும் கொமேட். குந்தியிருக்க முடியாதவருக்கு வேறு வழியில்லை.

பழைய மலக்குழி கிணற்றிலிருந்து முப்பது அடிதான். 2018 மார்கழி வெள்ளத்தில் குழி நிரம்பி, கிணற்றுத் தண்ணீர் நாற்றமெடுத்து, இறைத்துக் குளோரின் போட்ட பிறகே பாவித்தோம். குறைந்தது ஐம்பது அடி வேண்டுமென்பார்கள். இம்முறை அறுபது அடி தள்ளினோம். பக்கத்து வளவுக் கிணற்றுக்கும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். பலர் அதை மறந்துவிடுகிறோம். குழி வெட்ட முன்னர், காணி கண்ணிவெடி அகற்றிய இடம்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். எங்கள் மண்ணில் மண்வெட்டி போடுமுன் இதைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

மகள் கேட்டது மூன்றே மூன்று. உட்பக்கக் கொண்டி, உடுப்புக் கொழுவ ஆணி, மூடியுள்ள ஒரு வாளி. பதினான்கு வயதுப் பிள்ளை. வாளி எதற்கென்று மேசன் அண்ணை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐயாவின் வாய்க்காலை மூடவில்லை. இப்போது மோட்டர் தண்ணீர் அதன் வழியே அதே பழைய தொட்டிக்கு வருகிறது. அம்மா முதல்நாள் குளிக்கப் போனபோது மகளும் நானும் வெளியே நின்று காது கொடுத்தோம். வாளிச் சத்தம் கேட்டது. வெகுநேரம் கேட்டது. “என்னம்மா, முடிஞ்சுதே?” என்று கூப்பிட்டேன்.

“பொறு பிள்ளை, முதுகு தேய்க்கிறன்” என்றார்.

கொண்டியை மட்டும் இன்னும் போடமாட்டார். விழுந்தால் யார் திறப்பது என்ற பயம். வெளியிலிருந்தும் ஒரு சில்லறைக் காசால் திருப்பித் திறக்கக் கூடிய பூட்டு இருக்கிறதாம். அடுத்த சீட்டுக் காசில் அதை வாங்கிப் பூட்ட வேண்டும்.