கரைந்து மறையும் மருந்துப் பூச்சு

முள் தைத்த இடத்தில் சீழ் கட்டுவதைக் காணாதவர் இலர். உடல், தன்னுள் புகுந்த அயற்பொருளை இன்னதென அறிந்து வெளியேற்ற முயல்கிறது. இயலாவிடில் சுற்றிலும் தசையை வளர்த்து மூடிவிடப் பார்க்கிறது. இவ்வியல்பு மனிதருக்குப் பெரும் பாதுகாப்பாகும். ஆயினும், நோய் தீர்க்கும் பொருட்டு மருத்துவர் வேண்டுமென்றே ஒரு பொருளை உடலுள் வைக்கும்போது, அதே இயல்பு தொல்லையாக மாறிவிடுகிறது. இருதய நோயாளருக்கு வைக்கப்படும் ஸ்டென்ட் என்னும் சிறு வலைக்குழல் இதற்குத் தக்க சான்று.

இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுவது உண்டு. 1977ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், சூரிக் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக் என்னும் மருத்துவர், மார்பைப் பிளவாமலே, மெல்லிய குழாய் வழியாகச் சிறு பலூன் ஒன்றைச் செலுத்தி, குறுகிய இடத்தில் அதனை ஊதி வழியைத் திறந்தார். ஆனால், இம்முறையில் மருத்துவம் பெற்றவர்களுள் பத்துக்கு மூவர் நால்வருக்குச் சில மாதங்களில் வழி மீண்டும் குறுகலாயிற்று. திறந்த வழியைத் தாங்கி நிற்க ஒரு முட்டு வேண்டும் என்று கண்டு, 1986இல் பிரான்சின் துலூஸ் நகரிலும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலும் உலோக வலைக்குழலை மனித இருதயக் குழாயில் முதன்முதலாக வைத்தனர். ஸ்டென்ட் என்பது 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற ஆங்கிலப் பல் மருத்துவரின் பெயர். பல்லுக்கு அச்செடுக்கும் பசையைச் சீர்செய்த அவருக்கும் இருதயத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. சொற்கள் சில வேளை இப்படியும் பயணம் செய்கின்றன.

வலைக்குழல் வழி சுருங்குவதைத் தடுத்தது. எனினும், உலோகம் அழுந்திய இடம் புண்ணாகி ஆறும்போது, குழாய்ச் சுவரின் தசை உயிரணுக்கள் அளவின்றிப் பெருகி, வலைக்கண்களின் ஊடே உள்ளே வளர்ந்தன. இதனால் ஐவரில் ஒருவருக்கேனும் மீண்டும் அடைப்புத் தோன்றிற்று. இப்பெருக்கத்தை அடக்க மருந்து வேண்டியதாயிற்று.

அம்மருந்து கிடைத்த கதை சுவையானது. 1964இல் கனடா நாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்று, பசிபிக் மாகடலின் நடுவே தனித்துக் கிடக்கும் ஈஸ்டர் தீவுக்குச் சென்று மண் எடுத்து வந்தது. அம்மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்று சுரக்கும் பொருளை, மாண்ட்ரியலில் ஒரு மருந்து நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் சுரேந்திர நாத் சேகல் முதலியோர் பிரித்தெடுத்தனர். தீவின் சொந்தப் பெயரான ராப்பா நூயி என்பதைக் கொண்டு அதற்கு ராப்பாமைசின் எனப் பெயரிட்டனர். முதலில் காளானைக் கொல்லும் மருந்தாகவே அஃது எண்ணப்பட்டது. 1983இல் அந்த ஆய்வுக்கூடம் மூடப்பட்டபோது, சேகல் அந்நுண்ணுயிரைத் தம் வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்தார் என்பது மருந்தியல் வரலாற்றில் பலரும் எடுத்துக் கூறும் செய்தி. பின்னர் அது, சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் உடலின் எதிர்ப்பைத் தணிக்கும் மருந்தாக 1999இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. சிரோலிமஸ் என்பதும் இதுவே. உயிரணுவைக் கொல்லாமல், பெருகாதபடி மட்டும் நிறுத்தி வைப்பது இதன் தனித்தன்மை.

இதனை மாத்திரையாக உண்டால் உடல் முழுவதும் பரவி எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். உலோகத்தின்மேல் வெறுமனே தடவினாலோ, ஓடும் இரத்தம் அதனைக் கழுவிச் சென்றுவிடும். தேவைப்படும் இடமோ ஓர் அங்குலத்துக்கும் குறைவு. தேவைப்படும் காலமோ சில வாரங்கள். ஆகவே, பாலிமர் என்னும் நெகிழிப் பொருளில் மருந்தைக் கலந்து வலைக்கம்பியின்மேல் மெல்லிய பூச்சாக இட்டனர். பூச்சிலிருந்து மருந்து சிறிது சிறிதாகக் கசிந்து சுவருக்குள் இறங்கிற்று. 1999 டிசம்பரில் பிரேசிலின் சாவோ பாலோ நகரில் இத்தகைய குழல் முதன்முதல் ஒரு நோயாளருக்கு வைக்கப்பட்டது. மறு அடைப்பு வெகுவாகக் குறைந்தது. 2003இல் அமெரிக்காவும் இதற்கு ஒப்புதல் அளித்தது.

மருத்துவ உலகம் மகிழ்ந்தது. ஆனால், 2006இல் பார்சலோனாவில் கூடிய இருதய மருத்துவர் மாநாட்டில் கவலை தரும் செய்தி வெளிவந்தது. குழல் வைத்து ஓராண்டு, ஈராண்டு கழிந்து, நலமாக நடமாடிக்கொண்டிருந்தவர்களுள் சிலருக்குக் குழலினுள் திடீரென இரத்தம் உறைந்தது. தொகை சிறிதுதான்; ஆனால் அவ்வாறு நேரும்போது உயிருக்கே இறுதியாகிவிடலாம். இறந்தோரின் குழாய்களை ஆராய்ந்தபோது, கம்பிகளின்மேல் போர்வையாய்ப் படர வேண்டிய உட்தோல் பல இடங்களில் படராதிருந்தது. சிலவற்றில் பூச்சைச் சுற்றி அழற்சியும் காணப்பட்டது. மருந்தின் பெரும்பகுதி முதல் மாதத்திலேயே வெளியேறிவிட்டது. வேலை முடிந்த பூச்சோ என்றென்றும் அங்கேயே தங்கிற்று. வீடு கட்டி முடிந்த பின்னும் சாரத்தை அவிழ்க்காது விட்டது போன்ற நிலை இது.

இதற்கு விடை தையல் நூலில் இருந்தது. அறுவைப் புண்ணைத் தைத்தபின் தானே கரைந்துபோகும் நூல்கள் 1970களிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டன. அவை கிளைக்காலிக் அமிலம், லாக்டிக் அமிலம் ஆகியவற்றின் மூலக்கூறுகளைச் சங்கிலி போல் கோத்துச் செய்தவை. பால் புளிக்கும்போது உண்டாவது லாக்டிக் அமிலம். அதன் சங்கிலி பாலிலாக்டிக் அமிலம். இங்குள்ள ‘பாலி’ என்பது ‘பல’ என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல். தமிழ்ப் பாலோடு அதற்கு உறவு இல்லை. உடலின் நீர் இச்சங்கிலிக்குள் ஊறிக் கணுக்கணுவாக அறுக்கிறது. அறுந்து விழும் லாக்டிக் அமிலம் உடலுக்குப் புதிதன்று. விரைந்து ஓடும்போது தசைகளில் தோன்றுவதும் அதுவே. இறுதியில் அது நீராகவும் கரியமில வாயுவாகவும் மாறி நீங்குகிறது. இரண்டு அமிலங்களின் விகிதத்தை மாற்றிக் கரையும் காலத்தையும் கூட்டலாம், குறைக்கலாம்.

சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பயோசென்சர்ஸ் நிறுவனத்தின் குழல் இவ்வகையில் முன்னோடிகளுள் ஒன்று. அதன் பாலிலாக்டிக் பூச்சு, இரத்தம் ஓடும் பக்கத்தை விடுத்து, சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டுமே இடப்பட்டது. 1,707 நோயாளரிடம் இதனையும் பழைய நிலைப்பூச்சுக் குழலையும் ஒப்பிட்ட ஐரோப்பிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. முதலில் இரண்டும் சமமாகவே தோன்றின. ஐந்தாண்டு முடிவில்தான் வேற்றுமை புலப்பட்டது: முதலாண்டுக்குப் பின் நேரும் இரத்த உறைவு, கரையும் பூச்சில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. 2015இல் அமெரிக்கா ஒப்புக்கொண்ட மற்றொரு குழலில் பூச்சின் தடிப்பு 4 மைக்ரான்; தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு எனலாம். சில மாதங்களில் அது மறைந்துவிடுகிறது.

கரைவதே மேன்மை என்று இதனால் முடிவு கட்டிவிடுதல் தவறு. பூச்சு மட்டுமன்றிக் குழல் முழுவதையுமே கரையும் பொருளாற் செய்து 2016இல் அமெரிக்கச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். உலோகத்தின் வலிமை பெற வேண்டி அதன் கம்பிகளைத் தடிப்பாக்க நேர்ந்தது. இரத்த உறைவு மிகுந்தது. 2017இல் விற்பனை நிறுத்தப்பட்டது. மறுபுறம், கரையாத பூச்சுகளும் மெலிந்து இரத்தத்தோடு இணங்கும் வகையில் திருத்தப்பட்டுவிட்டன. அவற்றோடு ஒப்பிடுகையில் கரையும் பூச்சின் மேன்மை பெரிதாகத் தோன்றவில்லை.

நோயாளருக்கு இதனால் விளைந்த பயன் மாத்திரைக் கணக்கில் தெரிகிறது. குழல் வைத்தவர், இரத்தம் உறையாதிருக்க இரு மருந்துகளைச் சேர்த்து உண்ண வேண்டும். 2006க்குப் பின் ஓராண்டேனும் உண்ணுமாறு மருத்துவர் வற்புறுத்தினர். குடற்புண் உள்ளவருக்கும் முதியவருக்கும் இரத்தப்போக்கு நேருமோ என்ற அச்சம் அந்த ஓராண்டும் இருந்தது. 2021இல் வெளியான ஆய்வு ஒன்றில், கரையும் பூச்சுக் குழல் வைக்கப்பெற்ற, இரத்தப்போக்குக்கு ஆளாகக் கூடிய 4,579 பேர் சேர்க்கப்பட்டனர். ஒரு மாதத்தோடு இரட்டை மருந்தை நிறுத்தி ஒன்றை மட்டும் தொடர்ந்தவருக்கு மாரடைப்போ மரணமோ மிகவில்லை, இரத்தப்போக்குக் குறைந்தது. எவருக்கு எத்தனை மாதம் என்பதை இன்று மருத்துவர் ஆளுக்கேற்ப அறுதியிடுகின்றனர்.