மறதிநோய்: வீட்டில் என்ன தேவை?

"பாட்டிக்கு வயசாயிடுச்சு, அதான் மறதி" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுகிறோம். ஆனால், டிமென்ஷியா எனும் மறதிநோய் முதுமையின் இயல்பன்று. மூளையைப் பாதிக்கும் நோய். 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு இது இருக்கக்கூடும்.

நோய் உறுதியானதும், வீட்டில் எவ்வளவு உதவி தேவை என்பதை அளக்க வேண்டும். 1963இல் காட்ஸ் வகுத்த பட்டியல் ஆறு செயல்களைப் பார்க்கிறது: குளித்தல், உடுத்துதல், கழிவறை செல்லுதல், படுக்கையிலிருந்து எழுதல், சிறுநீர் மலத்தைக் கட்டுப்படுத்துதல், உண்ணுதல். 1969இல் லாட்டனும் பிராடியும் வகுத்த பட்டியலோ மருந்து, சமையல், பணம், தொலைபேசி ஆகியவற்றையும் கேட்கிறது. பொதுவாக இவற்றில்தான் தடுமாற்றம் முதலில் தெரியும்.

அம்பாங்கான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன் என்ற முறையில் நான் ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பால்மரத் தொழிலாளியிடம் மலாயில் தேதியைக் கேட்டு, பதில் வராததை மட்டும் வைத்து நோயை எடைபோடலாகாது. விடியற்காலை நான்கு மணிக்குக் கதவைத் திறக்கும் பாட்டி பெரட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அவர் வாழ்ந்த வாழ்க்கையை வீட்டார் சொன்னால்தான் தாதிக்கு அது விளங்கும். கதவுக்கு என்ன பாதுகாப்பு, இரவில் யார் துணை என்றும் முடிவு செய்ய இயலும்.

பராமரிப்பவரின் சுமையையும் அளக்க வேண்டும். 1980இல் ஸாரிட் குழுவினர் அதற்கெனவே ஒரு கேள்வித்தாளை உருவாக்கினர். நம் குடும்பங்களில் அச்சுமை பெரும்பாலும் ஒரே மகள் அல்லது மருமகள் தலையில்தான் விழுகிறது. அவர் சாய்ந்தால் வீடே சாயும்.

எனவே நண்பர்களே, விடுமுறையில் வீடு திரும்பும்போது ஒரு வாரம் கவனியுங்கள். தாத்தா பாட்டி தாமாகச் செய்வது எது, உதவியுடன் செய்வது எது, முடியாதது எது என மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். அத்தாளோடு கிளினிக்குக்குச் செல்லுங்கள். மலாய் தெரிந்த பேரப்பிள்ளையாகிய நாமே அவர்களின் குரல்.