மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டோருக்கு மன அமைதி

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை நிறைவுற்ற பின்னரும், ‘நோய் மீண்டும் வருமோ’ என்னும் அச்சம் தாய்மார் பலரின் உறக்கத்தைக் கெடுக்கிறது. மறுபரிசோதனை நாள் நெருங்குகையில் அது மிகும். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-இல் தொடங்கிய 8 வாரத் தியானப் பயிற்சி இத்தகையோரின் பதற்றத்தைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

முறை எளிது. தரிசனம் முடிந்து பிராகாரத்தில் அமரும்போது, நிமிர்ந்திருந்து, மூச்சு உட்புகுவதையும் வெளியேறுவதையும் சில நிமிடங்கள் கவனியுங்கள். அச்சம் எழுந்தால் அதனோடு போராட வேண்டா. எழுந்ததை அறிந்து, மீண்டும் மூச்சிற்கே திரும்புங்கள். இல்லத்திலும் நாள்தோறும் இதனைப் பழகுங்கள்.

தியானம் மருந்துக்கு மாற்றன்று. மருத்துவர் அளித்த மாத்திரையையும் மறுபரிசோதனையையும் தவறவிடலாகாது. உடலை மருத்துவம் காக்கட்டும். உள்ளம் இறைவன் திருமுன் அமைதி பெறட்டும்.