வீடியோ கேம் அறிவிப்புகள்: விலை மட்டும் பார்த்தால் போதுமா?

வீடியோ கேம் என்றாலே படிப்பைக் கெடுக்கும் சமாச்சாரம் என்றுதான் பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் அதற்குப் பின்னால் பெரிய வியாபாரக் கணக்கு ஒன்று இருக்கிறது. அந்தக் கணக்கு கொஞ்சம் வெளியே தெரிவது கண்காட்சி மேடைகளில்தான்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1995 மே மாதம் ‘ஈ-3’ கண்காட்சி முதன்முதலாக நடந்தது. சேகா கம்பெனி தன் ‘சாட்டர்ன்’ கருவியின் விலை 399 டாலர் என்று அறிவித்தது. அடுத்து சோனி சார்பில் மேடையேறிய ஸ்டீவ் ரேஸ், “299” என்று விலையை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். பாண்டி பஜாரில் பக்கத்துக் கடை விலையைக் கேட்டுவிட்டு நூறு ரூபாய் குறைத்துச் சொல்வார்களே, அதே வித்தைதான்! நான் பிறப்பதற்கு முன் நடந்தது என்றாலும், படித்தபோது எனக்கே விசிலடிக்கத் தோன்றியது.

அவ்வளவு குறைத்தால் எப்படிக் கட்டுப்படியாகும்? ரிச்சி தெருவில் பிரிண்டர் வாங்கியவர்களுக்குத் தெரியும். பிரிண்டர் விலை கம்மி, இங்க் விலைதான் கையைக் கடிக்கும். இங்கேயும் அப்படித்தான். கருவியில் லாபம் குறைவு, சில சமயம் நஷ்டம்கூட. விற்கும் ஒவ்வொரு கேமிலும் கம்பெனிக்கு ஒரு பங்கு வருகிறது. நஷ்டத்தை அதில் ஈடுகட்டுவார்கள்.

எனக்குக் கோபம் வந்தது 2013 அறிவிப்புகளைப் படித்தபோதுதான். மைக்ரோசாப்டின் ‘எக்ஸ்பாக்ஸ் ஒன்’ விலை 499 டாலர். அதோடு, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டும், பழைய டிஸ்க்கை விற்கவும் கைமாற்றவும் கட்டுப்பாடு என்றார்கள். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். என் பாடப் புத்தகங்களில் பாதி, மயிலாப்பூர் லஸ் பக்கம் பழைய புத்தகக் கடையில் வாங்கியவை. புத்தகத்தைத் திறக்க தினமும் பதிப்பாளரிடம் பர்மிஷன் கேட்கணும் என்றால் என்னைப் போன்றவன் டிப்ளமோ முடிக்க முடியுமா? சோனியோ 399 டாலர், டிஸ்க்கைத் தாராளமாகக் கைமாற்றலாம் என்று அறிவித்தது. அரங்கமே ஆர்ப்பரித்தது. எதிர்ப்பு தாங்காமல் மைக்ரோசாப்ட் அதே ஜூன் மாதம் கட்டுப்பாட்டை வாபஸ் வாங்கியது.

ஜெயித்தாச்சு என்று நினைத்தால், கதை அதோடு முடியவில்லை. 2020-இல் ‘பிளேஸ்டேஷன் 5’ இரண்டு வகையாக வந்தது. டிஸ்க் போடும் வசதியுள்ளது 499 டாலர், அது இல்லாதது 399. இந்தியாவில் 2021 பிப்ரவரி 2-ஆம் தேதி விற்பனைக்கு வந்தபோது ரூ.49,990, ரூ.39,990. அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. நம்ம விலையில் சுங்க வரியும் அப்போதைய 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் அடக்கம். டாலரை ரூபாயாக்கிப் பார்த்து ஏமாறுகிறோமே, அதற்கு இது ஒரு காரணம்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் ரூபாய் வித்தியாசத்தைக் கவனியுங்கள். டிஸ்க் இல்லாத கருவியில் கேமை அந்தக் கம்பெனியின் ஆன்லைன் கடையில்தான் வாங்க வேண்டும். விளையாடி முடித்ததும் விற்க முடியாது, நண்பனுக்கு டிஸ்க்காகத் தரவும் முடியாது. 2013-இல் சட்டம் போட்டு வாங்க முடியாததை, 2020-இல் விலையைக் குறைத்து வாங்கிவிட்டார்கள்!

‘ஈ-3’ கண்காட்சியை 2023 டிசம்பரில் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ஆனால் அறிவிப்புகள் நிற்கவில்லை. இனி எந்த அறிவிப்பு வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். வரியோடு நம்ம ஊர் விலை என்ன? நம்ம ஊருக்கு எப்போது வரும்? வாங்கிய பிறகு அது முழுசாக என்னுடையதா?

2025 நவம்பரில் இந்திய கேம் டெவலப்பர் மாநாடு நம்ம நந்தம்பாக்கம் வர்த்தக மையத்திலேயே நடந்தது. நாளை நம்மில் யாராவது அப்படி ஒரு மேடையில் ஏறி விலை சொல்லலாம். அப்போது, ஒரே டிஸ்க்கை நாலு பேர் மாற்றி மாற்றி விளையாடும் தெருப் பசங்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!