மடக்குக் கத்தியில் அலகு ஆட்டமும் பூட்டுத் தேய்மானமும்

மடக்குக் கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள் மடித்து வைக்கக்கூடிய கத்தி ஆகும். விரித்த நிலையில் அலகு கைப்பிடியோடு அசையாமல் நிற்க வேண்டும். அவ்வாறு நிற்காமல் அசைவது அலகு ஆட்டம் எனப்படும். விரித்த அலகு வேலையின் நடுவே மடங்கிவிடாமல் தாங்கும் பகுதி பூட்டு ஆகும். பல முறை திறந்து மூடுவதால் பூட்டும் அலகும் தொடும் முகங்கள் தேய்வது பூட்டுத் தேய்மானம் ஆகும். இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் காரணங்கள் வேறு. ஆட்டம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதைக் கொண்டே பழுது எந்தப் பாகத்தில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் கண்டறியலாம்.

பாகங்கள்

அலகு சுழலும் அச்சு, சுழலாணி ஆகும். இது சில கத்திகளில் திருகாகவும் சிலவற்றில் அடித்து இறுக்கிய தறையாணியாகவும் இருக்கும். அலகின் இரு பக்கமும் வெண்கல அல்லது நெகிழி வாஷர்களோ சிறு குண்டுத் தாங்கிகளோ அமைந்திருக்கும். பல கத்திகளில், விரித்த அலகு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்க ஒரு தடுப்பு முளை உண்டு.

பூட்டுகளில் பரவலாகக் காணப்படுபவை பின்வருவன:

முதுகுப் பூட்டு: கைப்பிடியின் முதுகில் உள்ள நெம்பு சட்டத்தின் பல், அலகின் அடியில் உள்ள வெட்டில் விழும். 1964இல் அறிமுகமான பக் 110 கத்தி இவ்வகையைச் சேர்ந்தது.

லைனர் பூட்டு: கைப்பிடியின் உள்தகட்டில் ஒரு பகுதி வில்போல வளைந்து அலகின் அடியைத் தாங்கும். இதன் இன்றைய வடிவத்தை 1980களின் தொடக்கத்தில் உருவாக்கியவர் அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர். கைப்பிடிச் சட்டமே வில்லாகச் செயல்பட்டால் அது சட்டப் பூட்டு ஆகும்.

வளையப் பூட்டு: அலகின் அடியைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது. பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் இது 1955 முதல் உள்ளது.

பூட்டே இல்லாத கத்திகளும் உண்டு. 91 மி.மீ. அளவுள்ள சுவிஸ் இராணுவக் கத்தியில் அலகைப் பிடித்திருப்பது பின்வில்லின் அழுத்தம் மட்டுமே. எனவே அதன் அலகை முதுகுப்பக்கமாக அழுத்தினால் மடங்குவது பழுது அன்று.

பக்கவாட்டு ஆட்டம்

அலகு இடமும் வலமுமாக அசைந்தால், பெரும்பாலும் சுழலாணி தளர்ந்திருக்கும் அல்லது வாஷர் தேய்ந்திருக்கும். சுழலாணி அருகே உள்ள சிறு இடைவெளி நுனியில் பல மடங்காகத் தெரியும். வாஷரின் விட்டம் 10 மி.மீ., அலகின் நீளம் 80 மி.மீ. எனக் கொள்வோம். வாஷருக்கும் அலகுக்கும் இடையே 0.05 மி.மீ. இடைவெளி ஏற்பட்டால் நுனி ஏறத்தாழ 0.4 மி.மீ. அசையும். ஆகவே நுனி அசைவதைக் கண்டதும் கத்தி பாழாகிவிட்டது என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

மெல்லிய அலகு தானே வளைவதையும் ஆட்டம் என்று தவறாகக் கருதக்கூடாது. அலகை அதன் அடிப்பகுதிக்கு அருகே பிடித்து அசைக்க வேண்டும். அங்கே ‘டக்’ என்ற உணர்வு கிடைத்தால் அது ஆட்டம். நுனியைப் பிடித்தால் மட்டும் அசைந்தால் அது அலகின் வளைவாக இருக்கலாம்.

மேல்கீழ் ஆட்டம்

அலகு முதுகுப்பக்கமும் வெட்டும் பக்கமுமாக அசைந்தால் பூட்டைக் கவனிக்க வேண்டும். பூட்டின் முகம், அலகின் அடி, தடுப்பு முளை, சுழலாணித் துளை ஆகிய நான்கில் ஒன்றோ பலவோ தேய்ந்திருக்கலாம். பூட்டு முழுமையாக விழாமல் அழுக்கு தடுத்தாலும் இதே அறிகுறி தோன்றும். முதுகுப் பூட்டின் வெட்டில் துணி நூலும் தூசியும் அடைவது வழக்கம். எனவே முதல் வேலை சுத்தம் செய்வதே.

லைனர் பூட்டிலும் சட்டப் பூட்டிலும் தேய்மானத்தைக் கண்ணால் காணலாம். அலகின் அடி சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், முகம் தேயத் தேயப் பூட்டுத் தகடு மேலும் உள்ளே நகர்ந்து இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். புதிய கத்தியில் தகடு பொதுவாக அலகு அடியின் தொடக்கப் பகுதியில் நிற்கும். நாளடைவில் நடுவுக்கு வருவது இயல்பு. எதிர்ப்பக்கத் தகட்டைத் தொடும் அளவுக்கு வந்துவிட்டால் அதற்கு மேல் நகர இடமில்லை. அதன்பின் ஏற்படும் ஒவ்வொரு தேய்மானமும் ஆட்டமாகவே வெளிப்படும்.

சோதிக்கும் முறை

சோதனைக்கு முன் கத்தியைச் சுத்தம் செய்து, பூட்டு முகத்தில் உள்ள எண்ணெயைத் துடைக்க வேண்டும். அலகைத் தடித்த துணியாலோ தோலாலோ சுற்றிப் பிடிக்க வேண்டும். அலகு மடங்கும் பாதையில் எந்த விரலும் இருக்கக்கூடாது. கைப்பிடியை அதன் இரு பக்கங்களில் மட்டும் பற்ற வேண்டும்.

1. அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். பின்னர் மேலும் கீழும் அசைக்கவும். இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்ளவும்.

2. மேல்கீழ் ஆட்டம் இருந்தால், லைனர் பூட்டின் தகட்டை அது பூட்டும் திசையிலேயே விரலால் சற்று தள்ளவும். ஆட்டம் மறைந்தால் தகடு முழுமையாக விழவில்லை. அழுக்கு, வில்லின் தளர்ச்சி, முகங்களின் உராய்வு ஆகியவை காரணமாகலாம். தள்ளியும் மறையாவிட்டால் தடுப்பு முளையையோ சுழலாணித் துளையையோ ஐயுற வேண்டும்.

3. அலகின் முதுகை மரமேசையின் விளிம்பில் வைத்து மெல்ல அழுத்தவும். பூட்டுத் தகடு திறக்கும் திசையில் நகர்ந்தால் அது ஆட்டத்தைவிடப் பெரிய குறை. அக்கத்தியை உடனே ஒதுக்கி வைக்க வேண்டும்.

4. பூட்டு முகத்தில் மார்க்கர் பேனாவால் மை பூசிப் பத்து முறை திறந்து மூடவும். மை அழிந்த இடமே உண்மையில் தொடும் இடம். ஒரு சிறு புள்ளியில் மட்டும் அழிந்திருந்தால் சுமை முழுவதும் அங்கே விழுகிறது, அவ்விடம் விரைவாகத் தேயும்.

அலகின் முதுகைக் கட்டையில் ஓங்கி அடித்துச் சோதிப்பது நல்லதன்று. நன்றாக இருக்கும் பூட்டையும் அந்த அடி நசுக்கக்கூடும்.

சரிசெய்தல்

பக்கவாட்டு ஆட்டத்துக்குச் சுழலாணித் திருகைச் சிறிது சிறிதாக, ஒரு தடவைக்கு எட்டில் ஒரு பங்கு சுற்று அளவே, இறுக்க வேண்டும். அலகு தடையின்றித் திரும்பவும் வேண்டும், அசையாமல் நிற்கவும் வேண்டும். திருகு மீண்டும் மீண்டும் கழன்றால், நடுத்தர வலுவுள்ள திருகுப் பசையை ஒரு துளி மட்டும் மரையில் இடலாம். பசை வாஷரில் பட்டால் அலகு ஒட்டிக்கொள்ளும். தறையாணி உள்ள கத்திகளை இவ்வாறு இறுக்க முடியாது. ஒப்பினெல் போன்ற மரக்கைப்பிடிக் கத்திகளில் ஈரத்தால் மரம் உப்பி அலகு இறுகுவதும், உலர்ந்தபின் இளகுவதும் உண்டு. அதைத் தேய்மானமாகக் கொள்ளக்கூடாது.

மேல்கீழ் ஆட்டத்தைத் திருகை இறுக்கித் தீர்க்க முடியாது. மிகையாக இறுக்கினால் உராய்வு கூடி அலகு உறுதியாக நிற்பதுபோல் தோன்றும். ஆனால் தேய்ந்த பூட்டு தேய்ந்தபடியே இருக்கும். பளு விழும்போது அந்த உராய்வு அலகைத் தாங்காது. கத்தி சரியாகிவிட்டது என நம்பி அழுத்தி வெட்டுபவரின் விரல் மேலேயே அலகு மடங்கும். பூட்டு முகத்தை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய முயல்வதும் தீங்கே. அதன் சாய்வு சிறிது மாறினாலும் பூட்டு வழுக்கும். சற்றுப் பெரிய தடுப்பு முளையை மாற்றுவதும் புதிய பூட்டுத் தகட்டைப் பொருத்துவதும் பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டியவை.

சிறிதளவு மேல்கீழ் அசைவு முதுகுப் பூட்டுக் கத்திகளில் புதிதாக வாங்கும்போதே இருக்கலாம். அது நாளுக்கு நாள் கூடுகிறதா என்பதே கவனிக்க வேண்டியது. மாறாமல் நிற்கும் ஆட்டம் அமைப்பின் இயல்பு. வளரும் ஆட்டமும் பின்வாங்கும் பூட்டும் கத்தியைப் பயன்பாட்டிலிருந்து நீக்கச் சொல்லும் அறிகுறிகள் ஆகும்.